இரண்டு யோசேப்புகளின் பணி: அயல்மண்ணில் மரித்தோரின் உடலும் திருச்சபையின் பொறுப்பும்

கொல்லிமலையின் எடப்புளி நாட்டிலோ, அதனை அடுத்த வேறொரு நாட்டிலோ ஊழியம் செய்யும் ஓர் ஆயரை எண்ணிப் பார்ப்போம். இரவு நேரத்தில் ஒரு குடும்பத்தார் அவருடைய கதவைத் தட்டுகின்றனர். வளைகுடா நாடொன்றிற்கு வேலைக்குச் சென்ற மகன் மரித்துவிட்டான் என்ற செய்தி தொலைபேசி வழியாக வந்திருக்கிறது. அழுகையின் நடுவே அவர்கள் கேட்கும் முதற்கேள்வி, "ஐயா, எங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியுமா?" என்பதே. உயிர்த்தெழுதலைப் பற்றிய கேள்வி பின்னரே வரும். அவ்வேளையில் ஆயர் ஆறுதல் வசனத்தைச் சொல்லி ஜெபித்துவிட்டுத் திரும்பிவிடலாமா? எங்கு எழுத வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், எதில் கையொப்பமிடலாம், எதில் இடக்கூடாது என்று உடனிருந்து வழிகாட்டுவதும் அவருடைய பணியைச் சேர்ந்ததா? உடலைக் கொண்டுவர இயலாது என்னும் நிலை ஏற்படின், அக்குடும்பத்திற்கு அவர் கூறத்தக்கது யாது?

இவ்வினாக்களைத் திருமறையின் ஒளியிலும், கொல்லிமலைத் திருச்சபையின் வரலாற்றிலும், இன்றைய சட்ட நடைமுறையிலும் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மலைக்குத் திரும்பிய ஓர் உடல்

கொல்லிமலையின் கிறிஸ்தவ வரலாறு கல்லறைகளோடு பிணைந்த வரலாறு. இங்கிலாந்தின் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்ட் 1907 ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தார். 1913 இல் ஈவ்லின் ஹாரிஸ் அம்மையாரை மணந்து, மணமான கையோடு மலையேறி, வாழவந்தியில் குடியேறினார். மருத்துவம், கல்வி, வேளாண்மை, கைத்தொழில் எனப் பல துறைகளில் மலையாளி மக்களுக்குத் தொண்டு செய்தும், நெடுங்காலம் அவர்களிடையே நற்செய்தியை ஏற்போர் எவரும் இல்லை. முதல் உலகப்போரின் முடிவில் பரவிய கொள்ளைக் காய்ச்சலின்போது, அதுவரை அவர்களை எதிர்த்துவந்த ஒரு பூசாரி நோயுற்றார். அவருக்குப் பணிவிடை செய்ய ஊரார் அஞ்சி ஒதுங்கிய வேளையில் பிராண்ட் தம்பதியர் அவரருகில் சென்றனர். மரிக்குமுன் அவர் தம் பெண்குழந்தையை அவர்கள் கையில் ஒப்புவித்தார். மலைமக்களின் உள்ளம் திறந்தது அதன் பின்னரே. மரிப்போரையும் மரித்தோரையும் திருச்சபை எவ்வாறு நடத்துகிறது என்பதை மக்கள் உற்றுநோக்குகின்றனர் என்பதற்கு இது ஒரு சான்று.

1929 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15 ஆம் நாள், கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி பிராண்ட் காலமானார். அவருக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு. அவரது உடல் மலைமண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டது. கல்வியின் பொருட்டு இங்கிலாந்தில் விடப்பட்டிருந்த அவருடைய மகன் பவுல், மகள் கோனி ஆகிய இருவருக்கும் தந்தி வழியாகச் செய்தி சென்றது. தந்தி விரைவில் சேர்ந்தது. ஆனால் தந்தை முன்னரே எழுதிய கடிதங்கள் கப்பலில் மெதுவாகச் சென்றமையால், அவர் மரித்த செய்தி தெரிந்த பின்னும் அவருடைய கையெழுத்தில் கடிதங்கள் வந்தவண்ணம் இருந்தன. பதினைந்து வயது நிறையாத அச்சிறுவன் தந்தையின் முகத்தைக் காணவில்லை, அடக்கத்தில் நிற்கவுமில்லை, தந்தை உயிரோடிருப்பதுபோல் எழுதிய வரிகளை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தான். வெளிநாட்டில் மரித்தவருடைய குடும்பம் படும் தனித்துயர் இதுவே. உடலைக் காணாத உள்ளம் மரணத்தை நம்ப மறுக்கிறது. இன்று கப்பற்கடிதத்திற்குப் பதிலாகக் கைப்பேசியில் பதிவான குரல் இருக்கிறது. துயரின் இயல்பு மாறவில்லை.

ஈவ்லின் அம்மையார், கணவர் மரித்தபின் தாய்நாட்டிலேயே தங்கிவிடவில்லை. மீண்டும் இந்தியாவுக்கு வந்து பணியாற்றினார். 1947 இல் மிஷன் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், எந்த அமைப்பின் ஆதரவையும் எதிர்பாராமல் தாமாகவே கொல்லிமலைக்குத் திரும்பினார். குதிரைமீதேறி, ஐந்து மலைத்தொடர்களிலும் ஊர் ஊராகச் சென்றார். 1974 ஆம் ஆண்டு டிசம்பர் 18 ஆம் நாள், தமது தொண்ணூற்றைந்தாம் வயதில் அவர் உயிர் நீத்தார். அவருடைய உடல் கொல்லிமலைக்குக் கொண்டுவரப்பட்டு, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அடக்கம் செய்யப்பட்டிருந்த கணவரின் அருகே வைக்கப்பட்டது. தம் உடலை எளிய பருத்தித் துணியில் சுற்றி மண்ணுக்குள் வைக்கும்படி அவர் சொல்லியிருந்தார், அவ்வாறே செய்யப்பட்டது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கடவுச்சீட்டின்படி பார்த்தால் ஈவ்லின் அம்மையார் அயல்நாட்டில் மரித்தவர். ஆயினும் அவருடைய உடல் இங்கிலாந்துக்கு அனுப்பப்படவில்லை. அது மலைக்கு ஏற்றப்பட்டதையே மக்கள் வீடு திரும்புதலாகக் கண்டனர். பிறந்த ஊர்தான் எப்போதும் வீடாக இருக்கும் என்பதில்லை. அன்பினால் ஒருவர் தம்மை எந்த மக்களோடு இணைத்துக்கொள்கிறாரோ, அந்த மக்களின் மண்ணும் அவருக்கு வீடாகிறது. நகோமியோடு சென்ற ரூத், அவளுடைய மக்களை மட்டுமன்றி அவளுடைய கல்லறை மண்ணையும் தனதாக்கிக் கொண்டதை (ரூத் 1:17) இங்கு நினைவுகூரலாம். மறுபுறம், தென்னிந்தியாவில் 1914 இல் பிறந்து, தொழுநோய் மருத்துவத்தில் உலகப்புகழ் பெற்ற அவர்களுடைய மகன் பவுல் பிராண்ட் 2003 இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மரித்தார். ஒரே குடும்பத்தின் மரணங்கள் கடலின் இருகரைகளிலும் நிகழ்ந்தன. அவர்களுடைய நம்பிக்கை இடத்தினால் கூடவோ குறையவோ இல்லை.

இதனோடு டேவிட் லிவிங்ஸ்டனின் வரலாற்றையும் ஒப்பிடலாம். 1873 மே மாதத்தில் நடு ஆப்பிரிக்காவில் அவர் மரித்தபோது, அவருடைய தோழர்கள் அவர் இதயத்தை அங்கே ஒரு மரத்தடியில் புதைத்தனர். உடலை உலர்த்திப் பொதிந்து, சூமா, சூசி ஆகியோர் தலைமையில் பல மாதங்கள் நடந்து கடற்கரைக்குச் சுமந்துவந்தனர். 1874 ஏப்ரல் 18 இல் அது இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அந்த இதயத்தைப் புதைத்தபோது அடக்க ஆராதனையை வாசித்த ஜேக்கப் வெயின்ரைட், நம் நாட்டு நாசிக் நகரின் மிஷன் பள்ளியில் பயின்றவர். மரித்தவர் எந்த நாட்டவராயினும், உடலைச் சுமந்தோர் அவரை நேசித்தோர். அவரோடு இரத்த உறவு அற்றோர். இக்குறிப்பை நாம் பின்னரும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

2. திருமறையின் சாட்சி

அயல்நாட்டில் மரித்தவரின் உடலைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுவந்த வரலாறு, ஆதியாகமத்தின் இறுதி இரு அதிகாரங்களில் விரிவாகக் கூறப்பட்டுள்ளது. யாக்கோபு எகிப்தில் மரிக்குமுன், மக்பேலா குகையில் தன்னை அடக்கம் செய்யும்படி புதல்வருக்குக் கட்டளையிடுகிறான் (ஆதி. 49:29-32). யோசேப்பு உடனே புறப்பட்டுவிடவில்லை. மருத்துவரைக் கொண்டு உடலுக்குச் சுகந்தவர்க்கமிடுகிறான். அதற்கு நாற்பது நாள் செல்கிறது. எழுபது நாள் துக்கம் காக்கப்படுகிறது. பின்னர் பார்வோனின் வீட்டார் வழியாக விண்ணப்பித்து அனுமதி பெறுகிறான் (ஆதி. 50:2-6). பதப்படுத்தல், காத்திருத்தல், அரசின் அனுமதி, நெடும்பயணம், வழியில் துக்கங்கொண்டாடல் என இன்றைய குடும்பம் கடந்துசெல்லும் எல்லாப் படிகளும் அங்கே உள்ளன. எகிப்தின் உயர்பதவியில் இருந்தவனே தன் தந்தையின் உடலுக்காக இடைநிலையாளர் மூலம் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது என்றால், எழுத்தறியாத மலைக்குடும்பம் அலுவலகத்தின் வாயிலில் திகைத்து நிற்பதில் வியப்பென்ன?

புதிய ஏற்பாட்டில் வேறொரு யோசேப்பு வருகிறான். அரிமத்தியா ஊரானாகிய அவன் துணிந்து பிலாத்துவினிடம் சென்று இயேசுவின் உடலைக் கேட்கிறான். பிலாத்து நூற்றுக்கு அதிபதியை அழைத்து, மரணம் உறுதிதானா என்று கேட்டறிந்த பின்னரே உடலை அளிக்கிறான் (மாற். 15:43-45). அரசின் தண்டனைக்குள்ளான ஒருவரின் உடலைக் கேட்பது ஆபத்தான செயல். இயேசுவின் நெருங்கிய சீடர் ஓடிப்போயிருந்தனர். ஆலோசனைச் சங்கத்தில் இடம்பெற்றிருந்த இவனே தன் தகுதியை அதற்குப் பயன்படுத்தினான். துணியும், கல்லறையும், அனுமதியும் இவனால் கிடைத்தன. நம் மீட்பின் வரலாற்றில் ஓர் உடலை ஆட்சியாளரிடம் கேட்டுப் பெறுதல் ஒரு திருப்பணியாகவே இடம்பெற்றுள்ளது. ஆகவே தூதரகத்திற்கு விண்ணப்பம் எழுதுவது ஆயரின் பணியன்று என்று கூறுவோர், இவ்விரு யோசேப்புகளையும் மறந்தவராவர்.

சவுலின் உடலைப் பெத்சானின் மதிலிலிருந்து இரவோடிரவாக எடுத்துவந்த யாபேஸ் ஊராரையும் (1 சாமு. 31:11-13) இவ்வரிசையில் சேர்க்கலாம். சவுல் தோல்வியுற்ற அரசன். அவனால் இனி எவருக்கும் பயனில்லை. முன்பு தங்களைக் காத்தவன் என்ற நன்றி ஒன்றே அவர்களை நடத்திற்று.

ஆனால் திருமறை மறுபக்கத்தையும் மறைக்கவில்லை. யாக்கோபு மிகுதியாய் நேசித்த ராகேல் வழியிலேயே மரித்தாள், வழியிலேயே அடக்கம் செய்யப்பட்டாள் (ஆதி. 35:19-20). மக்பேலா குகை இருந்தும் அவளை அங்கே அவன் கொண்டுசெல்லவில்லை. முதிர்ந்த வயதில், மரணப்படுக்கையில், பேரப்பிள்ளைகளை ஆசீர்வதிக்கும் வேளையிலும் அந்த அடக்கத்தை அவன் நினைத்துப் பேசுகிறான் (ஆதி. 48:7). எத்தனையோ ஆண்டுகள் கடந்தும் அவ்வலி ஆறவில்லை. எனினும் அவன் செய்தது அன்பின்மை என்று திருமறை எங்கும் குற்றஞ்சாட்டவில்லை. மோசேயின் கல்லறையோ ஒருவருக்கும் தெரியாது, கர்த்தரே அவனை அடக்கம் செய்தார் (உபா. 34:6). இஸ்ரவேலின் மிகப்பெரிய தலைவனுக்கு, மக்கள் சென்று நிற்கத்தக்க ஒரு கல்லறை இல்லை.

யோசேப்பின் எலும்புகள் எகிப்திலேயே நெடுங்காலம் காத்திருந்தன. மோசே அவற்றைச் சுமந்து புறப்பட்டான் (யாத். 13:19), சீகேமில் அடக்கம் செய்யப்பட்டது யோசுவாவின் காலத்திற்குப் பின்னரே (யோசு. 24:32). எபிரெயர் நிருபம் இதனை விசுவாசத்தின் செயலாகக் குறிக்கிறது (எபி. 11:22). அவன் விசுவாசம் எலும்புகள் சேர்ந்த இடத்தில் அடங்கியிருக்கவில்லை. கடவுள் தம் மக்களைச் சந்திப்பார் என்ற உறுதியில் அடங்கியிருந்தது.

இவற்றிலிருந்து இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன. முதலாவது, மரித்தவரின் உடல் மதிப்பிற்குரியது. அதனை மதித்து வீடு சேர்க்க முயல்வது அன்பின் கடமை. "ஆவி போய்விட்டது, இனி உடலுக்கு என்ன?" என்று கூறுவது கிரேக்கச் சிந்தனைக்குப் பொருந்தலாம், உடலின் உயிர்த்தெழுதலை அறிக்கையிடும் திருச்சபைக்குப் பொருந்தாது. இரண்டாவது, உடல் வந்து சேர்வது மீட்பிற்கு நிபந்தனை அன்று. கடலின் கடையாந்தரத்திலும் கடவுளின் கை பிடிக்கும் என்று சங்கீதக்காரன் அறிந்திருந்தான் (சங். 139:9-10). முதலாவதை மறந்தால் இரக்கமற்றவராவோம். இரண்டாவதை மறந்தால், உடல் வராத குடும்பத்தின்மேல் சுமக்கவொண்ணாத சுமையை ஏற்றுவோம்.

3. நடைமுறையும் ஆயரின் துணையும்

இனி, இன்று நடைமுறையில் உள்ள படிகளைச் சுருக்கமாகக் காண்போம். நாட்டுக்கு நாடு சிறு வேறுபாடுகள் உண்டெனினும், பொதுவான ஒழுங்கு ஒன்றே.

முதலில், மரணம் நிகழ்ந்த நாட்டின் சட்டப்படி அது பதிவு செய்யப்பட்டு, காரணம் குறித்த மருத்துவச் சான்றும் இறப்புச் சான்றும் பெறப்பட வேண்டும். விபத்து, தற்கொலை, ஐயத்திற்குரிய மரணம் ஆகியவற்றில் அந்நாட்டுக் காவல்துறையின் விசாரணை முடிந்த பின்னரே உடல் விடுவிக்கப்படும். பெரும்பாலும் தாமதம் இங்கேதான் நேர்கிறது. அடுத்து, இறந்தவரின் கடவுச்சீட்டு, விசா நகல்கள், ஆங்கில மொழிபெயர்ப்புடன் கூடிய அறிக்கைகள் ஆகியவற்றோடு அங்குள்ள இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும். வேலையளித்தவரோ, உடன் பணிபுரிந்தவரோ, குடும்பத்தால் அதிகாரம் அளிக்கப்பட்ட வேறொருவரோ இதனைச் செய்யலாம். தூதரகம் மரணத்தைப் பதிந்து, கடவுச்சீட்டை இரத்துசெய்து, தடையில்லாச் சான்று வழங்கும்.

இங்குள்ள குடும்பத்தின் பங்கு, சட்டப்படியான நெருங்கிய உறவினர் கையொப்பமிட்டு, நோட்டரி சான்றளித்த ஒப்புதல் கடிதம் அனுப்புவதாகும். இக்கடிதம் மிக முக்கியமானது. உடலை இந்தியாவுக்கு அனுப்பவும் இதனால் ஒப்புதல் தரலாம்; அந்நாட்டிலேயே அடக்கம் செய்யவும் ஒப்புதல் தரலாம். வாசிக்கத் தெரியாத தாயோ, அதிர்ச்சியில் உறைந்த மனைவியோ, எவரோ நீட்டிய தாளில் கைநாட்டு வைத்துவிட்டு, பின்னர் ஆயுள் முழுவதும் வருந்தக்கூடும். வேலையளித்தவரிடமிருந்து வரவேண்டிய சம்பளப் பாக்கியையும் இழப்பீட்டையும் விட்டுக்கொடுப்பதாகவும் சில தாள்களில் எழுதப்பட்டிருக்கலாம். எனவே ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துக்காட்டி, பொருள் விளங்கிய பின்னரே கையொப்பமிடச் செய்தல் ஆயரின் முதற்கடமை. மனைவிக்கும் பெற்றோருக்கும் இடையே கருத்து வேறுபாடு இருப்பின், கையொப்பத்திற்கு முன்னரே அவர்களை ஒன்றாக அமர்த்திப் பேசவேண்டும்.

பின்னர் உடல் எம்பாமிங் முறையில் பதப்படுத்தப்பட்டு, உலோகத் தகடு வேய்ந்து காற்றுப்புகாதபடி மூடப்பட்ட பெட்டியில் வைக்கப்படும். பதப்படுத்திய சான்றும், பெட்டியை மூடிய சான்றும் உடன் வரவேண்டும். இந்திய விமான நிலையங்களில் 1954 ஆம் ஆண்டின் வானூர்திப் பொதுச் சுகாதார விதிகளின்படி சுகாதார அலுவலர் இவற்றைச் சரிபார்ப்பார். மஞ்சள் காய்ச்சல், பிளேக் போன்ற சில நோய்களால் மரித்தோரின் உடலைக் கொண்டுவர அவ்விதிகள் இடம்தரவில்லை. எரியூட்டிய சாம்பலையே கொண்டுவரலாம். இவ்வனுமதியை விரைவில் பெறும்பொருட்டு 2023 ஆகஸ்டில் மத்திய அரசு 'இ-கேர்' என்னும் இணையவழி ஏற்பாட்டைத் தொடங்கியது.

செலவைப் பொறுத்தவரை, குடும்பம் கடன் வாங்குமுன் கேட்டறிய வேண்டியவை சில உண்டு. பல நாடுகளில் வேலையளித்தவரே உடலை அனுப்பும் செலவை ஏற்கவேண்டும் என்பது சட்டம் அல்லது ஒப்பந்த விதி. அது இயலாதபோது, 2009 இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமுதாய நல நிதியிலிருந்து, வசதியற்றோரின் உடலை அனுப்பத் தூதரகம் உதவலாம். குடியேற்றச் சோதனை தேவைப்படும் கடவுச்சீட்டில் முறைப்படி சென்ற தொழிலாளருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் கட்டாயக் காப்பீடு உண்டு. விபத்து மரணத்திற்கு அதில் 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு உள்ளது. தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை உடல்களைக் கொண்டுவருவதில் துணைநிற்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாகவும் மனுச் செய்யலாம். சுற்றுலா விசாவில் அனுப்பப்பட்டு வேலையில் அமர்த்தப்பட்டோர் பெரும்பாலும் இவ்வுரிமைகளை இழந்துவிடுகின்றனர். ஆகவே இப்பணி மரணத்தின்போது தொடங்குவதன்று. இளைஞர் புறப்படும்போதே கடவுச்சீட்டு, ஒப்பந்தம், காப்பீடு ஆகியவற்றின் நகல்களைக் குடும்பத்திடம் விட்டுச்செல்லச் செய்வதும் மேய்ப்புப் பணியே.

2024 ஜூன் 12 இல் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தீப்பற்றி, 45 இந்தியர் மாண்டனர். அவர்களில் எழுவர் தமிழ்நாட்டினர். அடையாளம் காண மரபணுச் சோதனை தேவைப்பட்டது. இரண்டு நாட்களுக்குள் இந்திய விமானப்படை விமானம் உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. உலகம் கவனிக்கும் மரணத்தில் அரசு எத்துணை விரைவாகச் செயற்பட முடியும் என்பதை இது காட்டிற்று. எவரும் கவனியாத தனிமரணத்திலோ, கேட்பதற்கு ஆள் இருந்தாலன்றி நாட்கள் வாரங்களாகும். அந்த ஆளாக நிற்பதே அரிமத்தியா யோசேப்பின் பணி.

மலைமக்களில் பலர் கடல்கடந்து செல்வதில்லை. அண்டை மாநிலங்களின் தோட்டங்களுக்கும் வேலைத்தலங்களுக்குமே செல்கின்றனர். மொழி தெரியாத மாநிலமும் அவர்களுக்கு அயல்நாடே. அங்கு ஐயத்திற்குரிய மரணமோ விபத்தோ நேர்ந்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194 ஆம் பிரிவின்படி காவல்துறை விசாரணையும், தேவைப்படின் பிரேதப் பரிசோதனையும் நடைபெறும். முதல் தகவல் அறிக்கை, பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் நகல்களைக் கேட்டுப் பெறாமல் உடலை மட்டும் பெற்றுத் திரும்பினால், பின்னர் இழப்பீடு கோர வழியில்லாமற் போகும்.

4. உடல் வந்து சேரும்போது

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வாகனம் மலையேறுகிறது. சாலை முடியும் இடத்திலிருந்து சிற்றூருக்குப் பெட்டியைத் தோளில் சுமக்கவேண்டியிருக்கலாம். உலோகத் தகடு வேய்ந்த பெட்டி எடை மிகுந்தது. சுமப்போரை முன்னரே ஆயத்தப்படுத்த வேண்டும். குழியையும் வழக்கமான அளவுக்கு மிகுதியாகத் தோண்டவேண்டும். இவை சிறிய செய்திகள் எனத் தோன்றலாம். கல்லறையின் ஓரத்தில் பெட்டி இறங்காமல் தடைபட்டு நிற்பதைத் தாய் காண நேரும்போதுதான் இவற்றின் பெருமை விளங்கும்.

பெட்டியைத் திறக்கலாமா என்பது கடினமான கேள்வி. உடன் வந்த சான்றுகளைப் படித்து, மரணத்தின் தன்மையை அறிந்து, இயன்றால் ஒரு மருத்துவரைக் கலந்து முடிவு செய்யவேண்டும். குடும்பத்தில் உறுதியான ஒருவரும் ஆயரும் முதலில் கண்டு, பின்னர் மற்றவர்களுக்கு வழிகாட்டலாம். முகம் காணத்தக்க நிலையில் இல்லையெனில் உண்மையை மென்மையாகக் கூறவேண்டும். பொய்யான காரணங்களைக் கூறலாகாது. மறைக்கப்பட்ட உடல், "அது என் பிள்ளைதானா?" என்ற ஐயத்தை ஆண்டுக்கணக்கில் வளர்க்கும்.

மலையாளி மக்களிடையே, மரணம் ஒரு வீட்டின் காரியமன்று, ஊரின் காரியம். கிறிஸ்தவரல்லாத உறவினர் திரளாகக் கூடுவர். நெடுநாள் காத்திருந்த துக்கத்தின் முன்னே, யாருடைய சடங்கு முந்துவது என்ற வழக்காடல் எழாதபடி, ஊர்ப் பெரியவர்களோடு ஆயர் முன்னரே கலந்து பேசவேண்டும். 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனா நோயால் மரித்த ஒரு கிறிஸ்தவ மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. நண்பரான மற்றொரு மருத்துவர் நள்ளிரவில் தம் கையாலேயே மண்ணள்ளி இட்டு அவரை அடக்கம் செய்தார். சொந்த நகரிலேயே ஓர் உடல் அந்நியமாக்கப்படலாம் என்பதையும், நட்பு அதனை மீண்டும் சொந்தமாக்கலாம் என்பதையும் அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. லிவிங்ஸ்டனைச் சுமந்த தோழரை இங்கு மீண்டும் நினைக்கிறோம்.

5. உடல் வராதபோது

எல்லா முயற்சியும் செய்த பின்னரும் உடல் வராமற்போகலாம். நம் மக்களின் வரலாற்றில் இது புதியதன்று. இரண்டாம் உலகப்போரின்போது, ஜப்பானியர் அமைத்த சயாம்-பர்மா இரயில் பாதையில் மலாயாவின் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மாண்டனர். நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. தமிழ்த் தொழிலாளருக்கு அவ்வாறு தனித்தனியே பெயர் தாங்கிய கல்லறைகள் இல்லை. அவர்களுடைய மனைவியரும் தாய்மாரும் உடலையும் காணாமல், நாளையும் அறியாமல் வாழ்ந்து மறைந்தனர். அத்துயருக்கு வடிவம் கொடுக்க அன்று எவரும் முன்வரவில்லை என்பதே நமக்கு எச்சரிக்கை.

பழந்தமிழர் போரில் மாண்ட வீரருக்கு நடுகல் நாட்டி, பெயரும் பீடும் எழுதினர். தொல்காப்பியம் அதன் படிகளை வரிசையாகக் கூறுகிறது. மாண்டவனின் பெயர் ஊரின் நடுவே நிற்கவேண்டும் என்ற மனித வேட்கையே அதன் அடிப்படை. வழிபாட்டுப் பொருளாக அன்றி நினைவுச் சின்னமாக, இவ்வேட்கைக்குத் திருச்சபையும் இடமளிக்கலாம். உடல் அயல்மண்ணில் அடக்கமாகும் அதே வேளையில் இங்கே ஆலயத்தில் ஆராதனை நடத்தலாம். அங்குள்ள சபையாரையோ நண்பரையோ வேண்டி, அடக்கத்தில் ஒரு ஜெபம் ஏறெடுக்கச் செய்யலாம். இடத்தின் பெயர், கல்லறை எண், நிழற்படம் ஆகியவற்றைப் பெற்றுக் குடும்பத்திற்கு அளிக்கலாம். சபையின் அடக்கப் பதிவேட்டில் அவர் பெயரையும், எங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பதையும் எழுதவேண்டும். நம் கல்லறைத் தோட்டத்தில் அவர் பெயர் பொறித்த ஒரு கல்லையும் நாட்டலாம். கல்லறைத் திருநாளில் மற்றக் குடும்பங்கள் மெழுகுவர்த்தியோடும் பூவோடும் வரும்போது, அந்தத் தாய்க்கும் நிற்க ஓரிடம் வேண்டுமல்லவா?

அனைத்திற்கும் மேலாக, குற்ற உணர்வினின்று அக்குடும்பத்தை விடுவிக்கவேண்டும். "பணம் இருந்திருந்தால் கொண்டுவந்திருப்போம்" என்று தந்தை சொல்லும்போது, ராகேலை வழியில் விட்டுவந்த யாக்கோபின் கதையை அவரோடு அமர்ந்து வாசிக்கலாம். அந்த வலி நியாயமானது. அது பாவமன்று என்று கூறலாம். நிலத்தை அடகுவைத்தாவது உடலைக் கொண்டுவர வேண்டும் என்று உறவினர் வற்புறுத்தும்போது, உயிரோடிருக்கும் பிள்ளைகளின் உணவை மரித்தவருக்காக விற்பது மரித்தவரே விரும்பாத காரியம் என்று துணிந்து கூறவும் ஆயர் தயங்கலாகாது. சபையார் பங்கிட்டுச் சுமக்கக்கூடிய செலவாயின், அறிவுரையோடு நின்றுவிடாமல் பங்கிடவும் வேண்டும்.

முடிவுரை

ஈவ்லின் அம்மையாரின் உடலை ஒரு பருத்தித் துணி சுற்றியிருந்தது. இன்று வளைகுடாவிலிருந்து வரும் உடலை உலோகப் பெட்டியும் ஒரு கட்டுச் சான்றிதழ்களும் சுற்றியுள்ளன. இரண்டிலும் திருச்சபையின் பணி ஒன்றே: மரித்தவரைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்வது, அவரை நேசித்தோரோடு நிற்பது, மண்ணுக்கு மண்ணாக ஒப்புவிக்கும்போது உயிர்த்தெழுதலின் நம்பிக்கையை அறிக்கையிடுவது. யோசேப்பின் எலும்புகளைச் சுமந்த இஸ்ரவேலர், நாற்பது ஆண்டுகள் வனாந்தரத்தில் அந்தப் பாரத்தை இறக்கிவிடவில்லை. அவர்களுள் ஒருவரும் யோசேப்பைக் கண்டவரல்லர். நம் இறையியற் கல்லூரிகளில் பயிலும் மாணவர், அடக்க ஆராதனை முறைமையைக் கற்பதோடு ஒப்புதல் கடிதம் ஒன்றை எழுதவும், தூதரகத்திற்கு ஒரு விண்ணப்பம் அனுப்பவும், காவல்நிலைய வாயிலில் ஏழையோடு காத்திருக்கவும் கற்றுக்கொள்வாராக. கதவு தட்டப்படும் இரவில் அக்குடும்பம் தேடிவருவது இவற்றையெல்லாம் அறிந்த ஒருவரையே.